கண்புரை பரம்பரை நோயா? சங்கரன்கோவிலில் இருந்து ஒரு நீண்ட இழை

1/
"டாக்டர், எங்க ஆச்சிக்குப் புரை. அம்மாவுக்கும் புரை. எனக்கு 42 வயசு. எனக்கும் வருமா? இது எங்க ஜீன்லயே இருக்கா?"

சங்கரன்கோவில் பக்கத்துல இருந்து ஒரு சகோதரி இன்பாக்ஸ்ல கேட்ட கேள்வி. இதையே வேற வேற வார்த்தையில நிறைய பேர் கேக்கீங்க. அதனால எல்லாருக்கும் சேர்த்து இங்க எழுதுறேன். கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க.

2/
சுருக்கமான பதிலை முதல்ல சொல்லிடுறேன்.

ஆமா, கண்புரையில மரபணுவுக்குப் பங்கு உண்டு. அதை மறுக்க முடியாது.

ஆனா நம்ம ஊர்ல புரையால ஒருத்தர் பார்வை இல்லாம மூலையில உக்காந்திருக்காருன்னா, அதுக்குக் காரணம் மரபணு இல்ல. புரை வர்றதுக்குப் பல காரணம் இருக்கலாம். புரையால பார்வையில்லாமலேயே காலம் தள்ளுறதுக்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: யாரும் கூட்டிட்டுப் போகல.

"பரம்பரை" என்ற சொல் பல வீடுகளில் இதை மறைக்கும் போர்வையாக இருக்கிறது என்பது என் கருத்து. ஏன் அப்படிச் சொல்றேன்னு படிப்படியா பார்ப்போம்.

3/
முதல்ல புரைன்னா என்ன?

கருவிழிக்குப் பின்னால, கண்ணுக்குள்ள ஒரு லென்ஸ் இருக்கு. கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கணும். அந்தத் தெளிவைக் கொடுக்கிறது "கிரிஸ்டலின்" என்ற புரதங்கள். அவை நெருக்கமா, ஒழுங்கா அடுக்கப்பட்டிருக்கு.

இந்தப் புரதங்களுக்கு ஒரு விசேஷம் உண்டு. தோல் உரிந்து புதுசா வரும், ரத்த அணு செத்துப் புதுசா வரும். லென்ஸோட நடுவில இருக்கிற புரதம் மட்டும் மாறவே மாறாது. நீங்க அம்மா வயித்துல இருந்தப்போ உருவான அதே புரதம்தான் இன்னைக்கும் உங்க கண்ணுக்குள்ள இருக்கு. 70 வயசுக்காரர் கண்ணில் 70 வருஷத்துப் பழைய சரக்கு.

பச்சை முட்டையோட வெள்ளைக்கரு கண்ணாடி மாதிரி இருக்கும். சூடு பட்டா வெள்ளையாயிடும். திரும்பப் பழைய நிலைக்கு வராது. புரையும் கிட்டத்தட்ட இதே கதைதான். வெயில், சர்க்கரை, புகை, வயசு எல்லாம் சேர்ந்து அந்தப் புரதத்தைக் கொஞ்சம் கொஞ்சமா சிதைச்சுத் திரள வைக்குது. வெளிச்சம் உள்ள போக முடியல.

4/
இப்போ மரபணு.

லண்டனில் 500க்கும் மேற்பட்ட இரட்டைச் சகோதரிகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. 2000ல் வெளியானது. ஒரே கருமுட்டையில் பிறந்த இரட்டையரையும், தனித்தனிக் கருமுட்டையில் பிறந்த இரட்டையரையும் ஒப்பிட்டார்கள்.

லென்ஸின் நடுப்பகுதியில் வரும் புரையில், ஆளுக்கு ஆள் இருக்கிற வித்தியாசத்துக்கு 48 சதவீதம் மரபணு, 38 சதவீதம் வயது, 14 சதவீதம் சுற்றுச்சூழல் காரணம் என்று கணக்கு வந்தது. லென்ஸின் வெளிப்பகுதியில் வரும் புரைக்குச் செய்த அடுத்த ஆய்விலும் மரபணுவின் பங்கு பாதிக்கு மேல்.

"பாத்தீங்களா, பாதி பரம்பரைதான்"னு இப்பவே முடிவு கட்டிடாதீங்க.

5/
அந்த 48ஐ எப்படிப் படிக்கணும்னு தெரியணும்.

அது "உங்க புரையில 48 சதவீதம் பரம்பரை" என்று சொல்லவில்லை. அந்தக் கூட்டத்துக்குள் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் உள்ள வித்தியாசம் எதனால் என்றுதான் சொல்கிறது.

அந்தக் கூட்டம் யாரு? பிரிட்டனில் வாழும் பெண்கள். கிட்டத்தட்ட எல்லாருக்கும் நல்ல சாப்பாடு, நல்ல வீடு, கேஸ் அடுப்பு, குறைஞ்ச வெயில். எல்லார் வாழ்க்கையும் ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தா, மிச்சம் இருக்கிற வித்தியாசம் மரபணுவாத்தான் தெரியும்.

அதே கணக்கை நம்ம பக்கம் கொண்டு வாங்க. ஒருத்தங்க காலையில இருந்து சாயங்காலம் வரை கரிசக்காட்டுல களை எடுக்காங்க. இன்னொருத்தர் கடைக்குள்ள ஃபேன் காத்துல உக்காந்திருக்கார். ஒரு வீட்டுல விறகு, இன்னொரு வீட்டுல கேஸ். இங்கே வாழ்க்கையில் இருக்கிற வித்தியாசமே பெரிசு. லண்டன் நம்பரை அப்படியே சங்கரன்கோவிலுக்கு ஒட்ட முடியாது.

6/
நம்ம பக்கத்துக்கே ஒரு கணக்கு இருக்கு.

அரவிந்த் கண் மருத்துவமனை தென் தமிழகத்தின் 3 மாவட்டங்களில், 40 வயதைத் தாண்டிய 5,150 கிராமத்து மக்களைப் பரிசோதித்தது. ஏறத்தாழ 47 சதவீதம் பேருக்குப் புரை. ரெண்டு பேர்ல ஒருத்தர்னு வச்சுக்கோங்க.

ஆச்சிக்கும் அம்மாவுக்கும் புரை இருந்ததுன்னா அது உங்க குடும்பத்துச் சாபம் இல்ல. ஊர்ல பாதிப் பேருக்கு இருக்கிற ஒண்ணு, உங்க வீட்டுலயும் இருந்திருக்கு. அவ்வளவுதான்.

அந்த ஆய்வில் யாருக்கு அதிகம்? வயதானவர்களுக்கு. பெண்களுக்கு. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு. ஒல்லியான உடம்புக்காரர்களுக்கும் புகை பிடிப்பவர்களுக்கும் ஒரு வகை, ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு இன்னொரு வகை, சுகர் உள்ளவர்களுக்கு மூன்றாவது வகை.

எழுத்துத் தெரியாததால் லென்ஸ் மங்கிடாது. ஆனா எழுத்துத் தெரியாதவங்க வாழ்க்கையில வெயில் அதிகம், புகை அதிகம், சாப்பாடு குறைவு. அந்த மொத்த வாழ்க்கையும் கண்ணுல வந்து படியுது.

7/
ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதலில் சுகர். தமிழ்நாட்டில் பெரியவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருக்கு, ஏழு பேர்ல ஒருத்தர். ரத்தத்துல சர்க்கரை ஏறினா லென்ஸுக்குள்ளயும் ஏறும். அங்கே அது சார்பிட்டால் என்ற பொருளாக மாறி, வெளியே போக முடியாமல் தண்ணீரை உள்ளே இழுக்கும். லென்ஸ் ஊதும், புரதம் கலங்கும்.

சுகர் ஏறி இறங்கும்போது கண்ணாடி பவர் மாறிக்கிட்டே இருக்குன்னு சிலர் சொல்வாங்க. லென்ஸ் ஊதிச் சுருங்குறதோட வேலைதான் அது. சுகர் இருக்கிறவங்களுக்குப் புரை கொஞ்சம் சீக்கிரமே வரும். 50லயே வரலாம்.

8/
அடுத்து நான் ரொம்பக் கோபமா எழுத வேண்டிய விஷயம். ஸ்டீராய்டு.

"ஒரு ஊசி போட்டாரு, மூட்டு வலி பறந்துட்டு." "மெடிக்கல்ல ஒரு சின்ன மாத்திரை குடுத்தாங்க, இளைப்பு நின்னுட்டு." "கண்ணு சிவந்திருந்துச்சு, ஒரு சொட்டு மருந்து வாங்கிப் போட்டேன், நல்லாயிட்டு. அதையே ஒரு வருஷமா போடுதேன்."

இதுல பல தடவை உள்ள இருக்கிறது டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசலோன். எல்லாமே ஸ்டீராய்டு. அருமையான மருந்துகள், உயிரைக் காப்பாத்தும். டாக்டர் பார்த்து, அளவு சொல்லி, நாள் சொல்லிக் கொடுத்தா.

மாசக்கணக்கில் கேள்வி முறையில்லாமல் போட்டால், லென்ஸின் பின்பக்கத்தில் புரை வரும். இந்த வகை வேகமா வளரும். வெயில்ல கண் கூசும், எதிரே வர்ற வண்டி லைட் வெடிக்கிற மாதிரி தெரியும், படிக்கச் சிரமமா இருக்கும். கூடவே கண் அழுத்தம் ஏறி க்ளாக்கோமாவும் வரலாம். புரையால போன பார்வையைத் திரும்பக் கொண்டு வரலாம். க்ளாக்கோமாவால போனது போனதுதான்.

ஆஸ்துமா, முடக்குவாதம், சிறுநீரக நோய்க்கு டாக்டர் கொடுத்த ஸ்டீராய்டு எடுக்கிறவங்க இதைப் படிச்சிட்டு நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்துறது ஆபத்து. உங்க டாக்டரிடம் கேட்டு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கண்ணைப் பாருங்க.

9/
புகை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு லென்ஸின் நடுப்பகுதியில் புரை வரும் வாய்ப்பு அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் ஒரே குரலில் சொல்கின்றன. வீட்டில பொம்பளைங்க தட்டுல வச்சுச் சுத்துற பீடி, இன்னொரு வீட்டுல ஒரு ஆளோட கண்ணைக் கெடுக்குது. சுத்துறவங்க மேல குத்தம் சொல்ல வரல, வேற பிழைப்பு இருந்தா அவங்க ஏன் சுத்தப் போறாங்க.

விறகு, சாண வறட்டிப் புகைக்கும் புரைக்கும் தொடர்பு இருப்பதை இந்தியாவிலும் நேபாளத்திலும் செய்த ஆய்வுகள் காட்டின. பீடியைத் தொடாத பெண்களுக்கு ஏன் அதிகம் வருதுன்னு யோசிச்சா, 40 வருஷம் ஊதாங்குழல் வச்சு ஊதின அடுப்பையும் கணக்குல சேர்க்கணும். இன்னைக்கு கேஸ் இருக்கு. ஆனா சிலிண்டர் விலை ஏறினதும் வெந்நீர் போட விறகுக்குத் திரும்பின வீடுகள் நிறைய.

10/
வெயில்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் படகில் வேலை செய்யும் 838 பேரை ஆராய்ந்தார்கள். வாழ்நாளில் அதிகப் புற ஊதாக் கதிர் வாங்கிய கண்களில் லென்ஸின் வெளிப்பகுதிப் புரை அதிகம் என்று 1988ல் அறிவித்தார்கள்.

நம்ம ஊர்ல இதை ஆடு மேய்க்கிறவங்களுக்கும், வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போறவங்களுக்கும், தூத்துக்குடிப் பக்கம் உப்பளத்துல வேலை பாக்கிறவங்களுக்கும் பொருத்திப் பாருங்க.

தீர்வு காசு செலவில்லாதது. தலைப்பாகையை முன்னால கொஞ்சம் இறக்கிக் கட்டுங்க. அகலமான ஓரம் உள்ள தொப்பி, பனையோலைத் தொப்பி போடுங்க. கண்ணுக்கு நிழல் விழணும், அதுதான் கணக்கு.

11/
அடி.

கருவேல முள், கிட்டிப்புள், பட்டாசு, வெல்டிங் பொறி, சுத்தியல் அடிக்கும்போது தெறிக்கிற இரும்புத் துணுக்கு. கண்ணுல அடிபட்டா அன்னைக்கோ, பல வருஷம் கழிச்சோ அந்த ஒரு கண்ணுல புரை வரலாம். சிவகாசியும் சாத்தூரும் நமக்குப் பக்கம். வேலையில கண்ணாடி மாட்டுறது கௌரவக் குறைச்சல் இல்ல.

12/
"அப்ப வைட்டமின் மாத்திரை போட்டா தடுக்கலாமா?"

இதுக்கு மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலேயே பதில் இருக்கு. 35 முதல் 50 வயது வரையிலான சுமார் 800 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்கு வைட்டமின் ஏ, சி, ஈ மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை கொடுத்து 5 வருஷம் பார்த்தார்கள். புரை வளர்வதில் வித்தியாசமே இல்லை. 2006ல் முடிவு வெளியானது.

ஆனா இன்னொரு ஆய்வில், வட இந்தியாவிலும் புதுச்சேரிப் பக்கத்திலும் 60 வயது தாண்டிய 5,600க்கும் மேற்பட்டவர்களைப் பார்த்தபோது, ரத்தத்தில் வைட்டமின் சி அதிகம் இருந்தவர்களுக்குப் புரை குறைவாக இருந்தது.

ரெண்டும் முரண் இல்ல. காலம் பூரா காய், கனி சாப்பிட்ட உடம்பு வேற, நடு வயசுல அஞ்சு வருஷம் மாத்திரை போட்ட உடம்பு வேற. அதனால ஆயிரக்கணக்குல "கண் பவர்" மாத்திரை வாங்காதீங்க. பக்கத்துல புளியங்குடியில மூட்டை மூட்டையா எலுமிச்சை வருது. கொய்யா, நெல்லி, முருங்கைக்கீரை இருக்கு. அதைச் சாப்பிடுங்க. சுகர் இருக்கிறவங்க எலுமிச்சைச் சாறுல சீனி போடாதீங்க.

13/
எது காரணம் இல்லன்னும் சொல்லிடுறேன்.

செல்போன், டிவி, ராத்திரி குண்டு பல்பு வெளிச்சத்துல பீடி சுத்துறது, தறியில நூல் பாக்கிறது, கண்ணுல தண்ணி விட்டு அழுகிறது. இதுல எதுவும் புரையைக் கொண்டு வராது. கண் களைக்கும், காய்ஞ்சு போகும், தலை வலிக்கும். புரை வராது.

14/
இப்போ மரபணு உண்மையிலேயே முதல் இடத்தில் நிற்கிற ஓர் இடத்துக்கு வருவோம். குழந்தைகள்.

பிறவியிலேயே புரையோட குழந்தை பிறக்கும். மதுரை அரவிந்தில் செய்து 1996ல் வெளியான ஆய்வில், அடிபடாமல் புரை வந்த குழந்தைகளில் சுமார் நாலில் ஒருவருக்குக் காரணம் பரம்பரை. சுமார் 15 சதவீதத்துக்குக் காரணம், கர்ப்ப காலத்தில் அம்மாவைத் தாக்கிய ரூபெல்லா. பாதிப் பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடியவில்லை.

பரம்பரைப் புரையில் பெரும்பாலும் கிரிஸ்டலின் போன்ற லென்ஸ் புரதங்களின் மரபணுவில் ஓர் எழுத்துப் பிழை இருக்கும். பல குடும்பங்களில் அப்பா அல்லது அம்மா, ஒருவரிடம் அந்தப் பிழை இருந்தாலே போதும், குழந்தைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வேறு சில வகைகளில் ரெண்டு பேரிடமும் அதே பிழை இருந்தால்தான் நோய் வரும். இந்த ரெண்டாவது வகைக்குத்தான் சொந்தத்துக் கல்யாணம் வழி திறந்து விடுது.

15/
இது நம்ம ஊர்ல சொல்லச் சங்கடமான விஷயம். ஆனா சொல்லித்தான் ஆகணும்.

2019-21ல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் சுமார் 28 சதவீதப் பெண்கள் ரத்த சொந்தத்துக்குள் கல்யாணம் செய்தவர்கள். இந்தியாவிலேயே நாமதான் முன்னணியில். தாய்மாமன், அத்தை மகன், மாமன் மகள். சொத்து வெளியே போகாது, பொண்ணு கண்ணு முன்னால இருப்பா. காரணம் புரியுது.

சொந்தத்துல கட்டின எல்லாருக்கும் குறையோட குழந்தை பிறக்கும்னு நான் சொல்லல. பெரும்பாலும் நல்லாத்தான் பிறக்கும். ஆனா குடும்பத்துல ஏற்கெனவே சின்ன வயசுல புரை, காது கேளாமை, காரணம் தெரியாம இறந்த குழந்தைன்னு வரலாறு இருந்தா, அதே குடும்பத்துக்குள்ள திரும்பத் திரும்பக் கட்டாதீங்க. ஏற்கெனவே கட்டியிருந்தா பயப்படாதீங்க. அடுத்த கர்ப்பத்துக்கு முன்னால மரபியல் ஆலோசனை கேளுங்க.

16/
ரூபெல்லாவுக்கு ஒரு வரலாறு உண்டு. 1941ல் ஆஸ்திரேலியாவின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், திடீர்னு நிறைய குழந்தைகள் புரையோட வர்றதைக் கவனிச்சார். அம்மாக்களை விசாரிச்சா, கர்ப்பத்தின் தொடக்கத்தில் சாதாரண அம்மை மாதிரி ஒரு காய்ச்சல் வந்திருந்தது தெரிந்தது. அதுவரைக்கும் அதை யாரும் பெரிசா எடுத்துக்கல.

இன்னைக்கு அதுக்குத் தடுப்பூசி இருக்கு. 2017 பிப்ரவரியில் மீசில்ஸ் ரூபெல்லா ஊசி முகாமைத் தொடங்கிய முதல் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று. அப்ப வாட்ஸ்அப்ல என்னென்ன வதந்தி ஓடுச்சுன்னு உங்களுக்கே ஞாபகம் இருக்கும்.

இந்த 15 சதவீதம், பரம்பரை இல்ல. ஓர் ஊசியில தடுக்கக்கூடியது. 9 மாசத்துலயும் ஒன்றரை வயசுலயும் குழந்தைக்குப் போடுற ஊசியை விட்டுடாதீங்க.

17/
குழந்தை விஷயத்துல நாள் கணக்கு முக்கியம்.

பெரியவங்களுக்குப் புரை வந்து ரெண்டு வருஷம் கழிச்சு ஆபரேஷன் பண்ணினாலும் பெரும்பாலும் பார்வை திரும்பும், ஏன்னா மூளை ஏற்கெனவே பார்க்கக் கத்துக்கிட்டது. பிறந்த குழந்தையின் மூளை இப்பதான் பார்க்கக் கத்துக்குது. அடர்த்தியான புரை மறைச்சா அது கத்துக்காமலேயே விட்டுடும். பெரும்பாலும் முதல் 6 முதல் 8 வாரத்துக்குள்ள ஆபரேஷன் நடக்கணும். அப்புறம் லென்ஸை எடுத்தாலும் பார்வை முழுசா வராது.

கண்மணி நடுவில் வெள்ளையா தெரியுதா, செல்போன் ஃபிளாஷ்ல எடுத்த போட்டோவில் ஒரு கண் சிவப்பாகவும் ஒரு கண் வெள்ளையாகவும் இருக்கா, 3 மாசம் ஆகியும் முகம் பார்த்துச் சிரிக்கலையா? அன்னைக்கே கண் டாக்டரைப் பாருங்க. புரையா இருக்கலாம், கண் புற்றுநோயாகவும் இருக்கலாம். "வளர வளர சரியாயிடும்"னு யார் சொன்னாலும் கேக்காதீங்க.

18/
இனி பெரியவர்கள். "புரை இன்னும் பழுக்கல, பழுக்கட்டும்."

இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது நியாயமான பேச்சு. அப்ப லென்ஸை எடுத்துட்டு, அதுக்குப் பதிலா உள்ளே எதையும் வைக்க மாட்டாங்க. சோடாபுட்டிக் கண்ணாடிதான். அதுல படிக்கட்டு இருக்கிற இடம் தெரியாது, பக்கவாட்டுல வர்றது தெரியாது. அதனால பார்வை ரொம்ப மோசமாகுற வரை காத்திருந்தாங்க.

1949ல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். போரில் விமானத்தின் பிளாஸ்டிக் கூரை உடைந்து விமானிகள் கண்ணில் ஏறிய துணுக்குகள் எந்தத் தொந்தரவும் செய்யாமல் கிடந்ததைப் பார்த்ததில் பிறந்த யோசனை. ரொம்ப நாள் அது ஏழைகளுக்கு எட்டாத விலையில் இருந்தது. மதுரையில் 1992ல் அரோலேப் தொடங்கி, உள்ளூரிலேயே லென்ஸ் செய்ய ஆரம்பித்ததும் விலை விழுந்தது. அரவிந்தைத் தொடங்கிய டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி நம்ம எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்துக்காரர்.

கருவி மாறி 30 வருஷத்துக்கு மேல ஆச்சு. நம்ம பேச்சு மட்டும் மாறல.

19/
இன்னைக்கு விதி எளிது. அன்றாட வேலைக்குப் பார்வை தடையாக இருந்தால், அதுதான் ஆபரேஷனுக்கு நேரம்.

முத்த விட்டா லென்ஸ் கல்லு மாதிரி ஆகும், ஆபரேஷன் கஷ்டமாகும். சிலருக்கு லென்ஸ் ஊதியோ, உள்ளே இருக்கிற புரதம் கசிந்தோ கண் அழுத்தம் ஏறும். கண் சிவந்து, தலை பிளக்கிற வலி, வாந்தி. அது அவசரம். அந்தக் கட்டத்தில் வந்தா பார்வை முழுசா திரும்பும்னு யாராலும் உறுதி சொல்ல முடியாது.

20/
"எங்க தாத்தாவுக்கு 78 வயசு. போன வருஷம் வரை கண்ணாடி போட்டவர், இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிக்கார்!"

பெருமைப்படாதீங்க. லென்ஸின் நடுப்பகுதி கெட்டிப்படும்போது கிட்டப்பார்வை கொஞ்ச நாளைக்குத் தெளியும். அது புரையோட ஆரம்பமாத்தான் பெரும்பாலும் இருக்கும். அவரைத் தூரத்துல வர்ற பஸ் போர்டைப் படிக்கச் சொல்லிப் பாருங்க.

21/
புரையைக் கரைக்கும் சொட்டு மருந்து என்று எதுவும் இன்று வரை நிரூபிக்கப்படவில்லை. நந்தியாவட்டைச் சாறு, வெங்காயச் சாறு, தேன், தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதையும் கண்ணுக்குள்ள விடாதீங்க. புரை போகாது, கருவிழியில புண்ணு வந்தா இருக்கிற பார்வையும் போகும்.

கோமதி அம்மன் சந்நிதிப் புத்துமண்ணை நெத்தியில பூசுங்க. கண்மலர் வாங்கிச் சாத்துங்க. அது உங்க நம்பிக்கை. கூடவே கண்ணையும் டாக்டர்கிட்ட காட்டுங்க.

22/
இனிதான் நான் சொல்ல வந்த விஷயம்.

2015-19ல் நடந்த தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 50 வயது தாண்டியவர்களின் பார்வையிழப்பில் 66 சதவீதத்துக்குக் காரணம் புரை. அரசு பார்வையிழப்புத் தடுப்புத் திட்டத்தை ஆரம்பித்தது 1976ல். அரவிந்த் மதுரையில் 11 படுக்கையோடு ஆரம்பித்ததும் அதே 1976ல். நம்மிடம் மருத்துவமனை இருக்கு, திருநெல்வேலியிலும் மதுரையிலும் இருக்கு. இலவச முகாம் இருக்கு, பல முகாம்ல போக வர வண்டி இருக்கு, சாப்பாடு இருக்கு. அப்புறம் ஏன்?

தென்னிந்தியக் கிராமங்களில் செய்து 1999ல் வெளியான ஆய்வு இதைத்தான் கேட்டது. கண் பிரச்சினை இருந்தும் முகாமுக்கு வந்தவர்கள் சிறு பகுதிதான். வராதவர்கள் சொன்ன காரணங்கள்: கூட வர ஆள் இல்லை, செலவு, பயம், வீட்டு வேலை.

கூட வர ஆள் இல்லை. இதை மறுபடி ஒரு தடவை படிங்க.

23/
இந்த "ஆள் இல்லை" பெரும்பாலும் யாருக்கு? பெண்களுக்கு.

ஆண்களை விடப் பெண்களுக்குப் புரை அதிகம். ஆனா ஆபரேஷனுக்குப் பெண்கள் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறார்கள் என்பது இந்தியா முழுக்கப் பதிவானது. அப்பாவுக்குக் கண்ணு மங்கினா வருமானம் நிக்குது, உடனே கூட்டிட்டுப் போறோம். அம்மாவுக்குக் கண்ணு மங்கினா, அவங்க தடவித் தடவி அடுப்படியை ஓட்டிடுவாங்க. அரிசியில கல்லு கிடந்தாத்தான் நமக்கே தெரியுது.

"அவளுக்கு வயசாயிட்டுல்லா." "அவ ஆத்தாளுக்கும் இப்படித்தான், பரம்பரை." "ஆடித்தபசு முடியட்டும்." "அறுப்பு முடியட்டும்." "பேத்தி சடங்கு முடியட்டும்."

அவங்களுக்கும் கேக்கத் தோணாது. "எனக்கெதுக்குப்பா செலவு"ன்னு சொல்லிடுவாங்க. அதை அனுமதின்னு எடுத்துக்காதீங்க. இத்தனை வருஷம் அவங்க கேட்டு நாம செஞ்சது என்ன?

24/
வழக்கமா வர்ற எதிர்க்கேள்விகள்.

"சுகர் இருக்கே, ஆபரேஷன் பண்ணலாமா?" பண்ணலாம். சுகரைக் கட்டுக்குள் கொண்டு வந்துட்டுப் பண்ணுவாங்க. விழித்திரையையும் சேர்த்துப் பார்ப்பாங்க.

"வயசு 80, இனிமே எதுக்கு?" தானே கக்கூஸ் போயிட்டு வர, விழுந்து இடுப்பெலும்பு உடையாம இருக்க, பேரப்புள்ளை முகம் பார்க்க. அதுக்கு.

"ஆபரேஷன்ல கண்ணு போயிட்டா?" நியாயமான பயம். எந்த ஆபரேஷனிலும் ரிஸ்க் உண்டு. கண்ணுக்குள் கிருமித் தொற்றுதான் பெரிய பயம். அரவிந்தில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களைக் கணக்கெடுத்து 2017ல் வெளியிட்டார்கள். தொற்று 10,000க்கு 7 என்று இருந்தது, கண்ணுக்குள் ஆன்டிபயாடிக் வைத்த பிறகு 10,000க்கு 2 ஆகக் குறைந்தது. சும்மா விட்டா அந்தப் பார்வை போறது நிச்சயம்.

விழித்திரையோ நரம்போ ஏற்கெனவே கெட்டிருந்தா ஆபரேஷன் பண்ணினாலும் பார்வை எதிர்பார்த்த அளவு வராது. அதை டாக்டரிடம் முன்னாலேயே கேட்டுக்கோங்க.

25/
அரசிடம் மூணு கோரிக்கை.

ஒன்று, பிரசவம் நடக்கும் எல்லா இடத்திலும் டிஸ்சார்ஜுக்கு முன் குழந்தையின் கண்ணில் டார்ச் மாதிரியான கருவியால் சிவப்பு ஒளி தெரிகிறதா என்று பார்ப்பது கட்டாயமாகணும். ஒரு நிமிஷ வேலை. ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்தியா திட்டத்தில் பிறவிக் கண்புரை ஏற்கெனவே இருக்கு. பட்டியல்ல இருந்தா போதாது, பார்க்கப்படணும்.

ரெண்டு, சீட்டு இல்லாம ஸ்டீராய்டு விற்பதைத் தடுக்கிற சட்டம் இருக்கு. அது தாலுகா ஊர்களிலும் அமலாகணும்.

மூணு, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கே வர்றாங்க. அவங்களே 50 வயது தாண்டியவர்களிடம் ஒரு கண்ணை மூடி விரலை எண்ணச் சொல்லட்டும். எண்ண முடியாதவங்க பேரை எழுதி, முகாம் நாளில் கூட ஓர் ஆள் அனுப்பட்டும். கூட வர ஆள் கிடைச்சா பாதிப் பிரச்சினை தீரும்.

26/
கேள்வி கேட்ட சகோதரிக்கும், உங்க எல்லாருக்கும்.

உங்களுக்குப் புரை வருமா? நீங்க நல்லா நூறு வயசு இருந்தா, பெரும்பாலும் வரும். சீக்கிரம் வராம இருக்க, சுகரைப் பாருங்க, பீடி சிகரெட்டை வீட்டை விட்டுத் துரத்துங்க, வெயில்ல கண்ணுக்கு நிழல் கொடுங்க, சீட்டில்லாம ஸ்டீராய்டு தொடாதீங்க. 40க்கு மேல ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, சுகர் இருந்தா வருஷம் ஒரு தடவை கண் பரிசோதனை செய்யுங்க.

மரபணுவை மாத்த நம்மால முடியாது. ஆனா அம்மாகிட்டயிருந்து உங்களுக்கு என்ன வந்திருக்குன்னு கேக்குறதுக்கு முன்னால, அம்மாவோட கண்ணு இப்ப எப்படி இருக்குன்னு கேளுங்க. இன்னைக்குச் சாயங்காலமே அவங்க ஒரு கண்ணைக் கையால மூடி, உங்க விரலை எண்ணச் சொல்லுங்க. அப்புறம் அடுத்த கண்ணு.

தப்பா எண்ணினா, அடுத்த வாரத்துல ஒரு நாள் லீவு போடுங்க. கூடப் போங்க.

பிரயோஜனமா இருந்தா, ஊர்ல அம்மா இருக்கிற யாருக்காவது இதை அனுப்புங்க.


பொதுநல மருத்துவர்,
சங்கரன்கோவில்